குதிரையின் மூக்கும் எங்கள் கட்டைவிரலும்

துருக்கிய எழுத்தாளர் ஓரான் பாமுக்கின் ‘என் பெயர் சிவப்பு’ நாவலை என்னிடம் கொடுத்தவர், “செம கொலைக் கதை, எடுத்தா கீழ வைக்க மாட்ட” என்று சொல்லித்தான் கொடுத்தார். பலமுறை கீழே வைத்தேன். கொலைக்காக மட்டும் படித்திருந்தால் பாதியிலேயே விட்டிருப்பேன். ஆனால் அப்போது நான் சென்னையில் ஒரு டூ-டி அனிமேஷன் ஸ்டூடியோவில் கிளீன்அப் பிரிவில் இருந்தேன், வெளிநாட்டு டிவி தொடர்களுக்கு வரைந்து அனுப்பும் வேலை, காகிதத்தில் வரைந்த கடைசிக் காலம் அது. அந்த இருக்கையில் உட்கார்ந்து படிக்கிறவனுக்கு இது வேலையிடத்தைப் பற்றிய கதை. ஓவியக்கூடத்து அரசியல், போட்டி, தலைமை ஓவியரின் செல்லப்பிள்ளைகள், மேலிடத்திலிருந்து வரும் புரியாத உத்தரவு, எல்லாம் இருக்கிறது. கொலை ஒரு சாக்கு.

கதை நடப்பது 1591, இஸ்தான்புல், பனிக்காலம். சுல்தான் மூன்றாம் முராத் ஆட்சி. தங்கப்பூச்சு வேலை செய்யும் ஓர் ஓவியர் கொல்லப்பட்டுக் கிணற்றுக்குள் கிடக்கிறார், முதல் அத்தியாயத்தில் பேசுவதே அந்தப் பிணம்தான். ஹிஜ்ரி ஆயிரமாவது ஆண்டை ஒட்டி சுல்தான் ரகசியமாக ஒரு நூல் தயாரிக்கச் சொல்லியிருக்கிறார், அதில் வெனிஸ்காரர்களின் பாணியில் ஆளை ஆளாகவே காட்டும் உருவப்படம் வரப்போகிறது, இது மதத்துக்கு அடுக்குமா என்ற பயம் எல்லோருக்குள்ளும் இருக்கிறது. சந்தேகம் மூன்று ஓவியர்கள் மேல். மூவரையும் சிறுவயதிலிருந்து அடித்தும் அணைத்தும் வளர்த்தவர் தலைமை ஓவியர் உஸ்மான். இவர் வரலாற்றில் உண்மையாகவே இருந்தவர். 1582இல் இளவரசனின் சுன்னத்து விழா ஐம்பது நாளுக்கு மேல் நடந்தது, அதைப் பக்கம் பக்கமாக வரைந்து வைத்த நூல் இவர் தலைமையில்தான் உருவானது, தோப்காபி அரண்மனையில் இன்றும் இருக்கிறது.

அங்கே ஒரு பக்கம் எப்படி உருவாகிறது என்று பாமுக் காட்டுகிற இடங்களில்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒருவர் கோடு இழுப்பார், ஒருவர் தங்கம் பூசுவார், மரமும் இலையும் ஒருவர், வண்ணம் இன்னொருவர். பக்கம் கைமாறிக்கொண்டே போகும். முடிந்தபிறகு யார் பெயரும் அதில் இருக்காது. எங்களிடமும் அதே கதைதான். கீ அனிமேட்டர் முக்கியமான போஸ்களை வரைவார், இடையில் வரும் அசைவுகளை இன்பிட்வீன் ஆட்கள் நிரப்புவார்கள், அந்தக் கரடுமுரடான நீலப் பென்சில் கோடுகளை ஒற்றைக் கோடாகச் சுத்தம் செய்வது நாங்கள், அப்புறம் செக்கர், பெயின்ட். எல்லார் மேஜையிலும் மாடல் ஷீட் ஒட்டியிருக்கும், தலை இத்தனை பங்கு, கண்ணுக்கும் மூக்குக்கும் இவ்வளவு இடைவெளி, கோட்டின் தடிமன் இவ்வளவு. ஒரு நொடிக்கு 24 ஃப்ரேம், ஒரு படத்தை இரண்டு ஃப்ரேமுக்கு நிறுத்தினாலும் நொடிக்குப் பன்னிரண்டு படம், அத்தனையும் ஒரே கை வரைந்த மாதிரி இருக்க வேண்டும். நாவலில் இதைத்தான் திரும்பத் திரும்பக் குட்டிக் கதைகளாகச் சொல்கிறார்கள்: தனிப் பாணி என்பது ஒரு குறை, தேர்ந்த ஓவியன் தன் தடயத்தை விட மாட்டான். எங்கள் செக்கர் இதையே ‘ஆஃப் மாடல்’ என்று சிவப்பு மையில் எழுதி முகத்தில் வீசுவார்.

ஆனால் தடயம் இல்லாமல் யாராலும் வரைய முடியாது. நாவலில் பிணத்தின் சட்டைக்குள் கிடைத்த ஒரு குதிரைப் படம்தான் துப்பு. அந்தக் குதிரையின் மூக்குத்துவாரம் விசித்திரமாகக் கீறப்பட்ட மாதிரி இருக்கிறது. கொலைகாரன் தன்னையறியாமல் வரைந்துவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மொரெல்லி என்ற இத்தாலிய ஆராய்ச்சியாளர், ஓவியம் யாருடையது என்று பார்க்க முகத்தை விட்டுவிட்டுக் காது மடலையும் விரல் நகத்தையும் பாருங்கள் என்றார், கவனம் இல்லாத இடத்தில்தான் கை தன் பழக்கத்தைக் காட்டும் என்பது அவர் வாதம்.

எங்கள் சூப்பர்வைசருக்கு மொரெல்லி எல்லாம் தெரியாது, தாள்களை விரல்களுக்கு நடுவில் செருகி நாலு முறை புரட்டினால் யார் வரைந்தது என்று சொல்லிவிடுவார். ஒருமுறை டெட்லைன் நெருக்கத்தில் ஒரே சீனைப் பலர் பிரித்து வரைந்தோம், ஃபோல்டரில் பெயர் எழுதவில்லை, கட்டைவிரல் சரியில்லை, மறுபடி வரையுங்கள் என்று ரீடேக் வந்தது. யாரும் வாயைத் திறக்கவில்லை. சூப்பர்வைசர் தாள்களை, நகராமல் பிடிக்கும் பெக் பாரில் மாட்டி, லைட் பாக்ஸைப் போட்டு, குனிந்து பார்த்தார். “நகத்துக்கிட்ட வர்றப்போ கோடு உள்ள வாங்குது பாருங்க. இது நாமக்கல் வேலை.” நாமக்கல் என்பது எங்களோடு இருந்த பையன், ஊர்ப் பெயரே அவன் பெயராகிவிட்டது. அவன் மெதுவாக, “சார், அது நீங்க சொல்லிக்குடுத்த கை சார்” என்றான். அறையில் சத்தமே இல்லை. அவர் டிராயரைத் திறந்து, புதிய ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்கத் தான் வரைந்து வைத்திருந்த கை படங்களை எடுத்து அதன் மேலேயே வைத்தார். அதே வளைவு. அந்த ரீடேக்கை அவரே வரைந்து முடித்தார்.

உஸ்மானும் இதே இடத்தில்தான் வந்து நிற்கிறார். அரண்மனைக் கருவூலத்துக்குள் உட்கார்ந்து பழைய நூல்களைப் புரட்டுகிறார், அந்த மூக்கு எங்கிருந்து வந்தது என்று தேடுகிறார். ஒருவனின் தனிக் கிறுக்கு என்று நினைத்தது பழைய ஓவிய மரபிலிருந்து கைவழியாக வந்த நினைவு என்று தெரிகிறது. கருவூல அத்தியாயங்கள் இழுவை என்று நிறைய பேர் சொல்கிறார்கள், எனக்கு அதுதான் நாவல். காதல் கதைப் பகுதியைத்தான் நான் வேகமாகப் புரட்டினேன், அதில் வரும் பெண்ணுக்குப் பாமுக் தன் அம்மாவின் பெயரையே வைத்திருக்கிறார் என்று தெரிந்தும்.

அங்கே உஸ்மான் புரட்டுவதில் ஒன்று ஈரானின் ஷா தஹ்மாஸ்ப் 1568இல் துருக்கியின் ஒட்டோமான் சுல்தானுக்கு அனுப்பிய ஷாநாமா, பாரசீக அரசர்களின் காவியம், 258 ஓவியங்கள் கொண்டது. 1959இல் ஒரு அமெரிக்கச் சேகரிப்பாளர் அதை வாங்கி, கட்டைப் பிரித்து, தனித்தனித் தாளாகக் கொடுத்தும் விற்றும் வந்தார். மிச்சம் 1994இல் டி கூனிங் என்ற நவீன ஓவியரின் ஓர் ஓவியத்துக்குப் பண்டமாற்றாக ஈரானுக்குத் திரும்பியது. எங்கள் தாள்களுக்கு அந்த யோகமும் இல்லை, ஸ்கேன் முடிந்ததும் மூட்டை கட்டி எடைக்குப் போட்டார்கள்.

கையெழுத்து ஆசை யாரை விட்டது? நாவலில் எல்லோரும் கும்பிடும் பழைய பாரசீக ஓவியர் பிஹ்ஸாதே, 1488இல் வரைந்த ஒரு பூஸ்தான் (பாரசீகக் கவிஞர் சாதியின் நூல்) பிரதியில், அரசனின் அம்பறாத்தூணியில் தன் பெயரைப் பொடியாக எழுதியிருக்கிறார். எங்கள் பேக்ரவுண்ட் ஆர்ட்டிஸ்ட் ஒருவர் தெருக் காட்சி வந்தால் கார் நம்பர் பிளேட்டில் தன் மகளின் பிறந்த தேதியைப் போடுவார். கிளையன்ட் கண்டுபிடித்ததே இல்லை.

வெனிஸ்காரரின் படத்தை நகலெடுக்கச் சொன்ன அவமானத்தை உஸ்மானால் தாங்க முடியவில்லை, ஊசியால் தன் கண்ணையே குத்திக்கொள்கிறார். இது மிகை என்று நண்பர்கள் சொன்னார்கள். பழகிய கையை மாற்று என்று அறுபது வயதுக்கு மேல் சொல்லிப் பாருங்கள். எங்களுக்கும் டேப்லெட் வந்தது, சூப்பர்வைசர் சார் கொஞ்ச நாள் முறைத்துக்கொண்டே வரைந்தார், அப்புறம் ஒரு கல்லூரியில் அனிமேஷன் சொல்லிக்கொடுக்கப் போய்விட்டார். முதல் செமஸ்டர் முழுக்கப் பிள்ளைகளைக் கைதான் வரையச் சொல்கிறாராம்.