என் மூளையைப் பார்த்துப் பாடம் படித்த கதை

உயிரியல் உளவியல் தாளின் முதல் உள்தேர்வில் 25க்கு 8 வாங்கினேன். படிக்காமல் இல்லை. ஹிப்போகேம்பஸ் என்றால் நினைவு, அமிக்டலா என்றால் பயம், சிறுமூளை என்றால் சமநிலை என்று வாய்ப்பாடு போல ஒப்பித்து வைத்திருந்தேன். கேள்வித்தாளோ, "ஒரு பகுதி சேதமானதும் ஒரு திறன் போய்விட்டது, அந்தத் திறன் அங்கேதான் இருந்தது என்று சொல்லலாமா?" என்று கேட்டது. வாய்ப்பாட்டில் அதற்கு விடை இல்லை.

அந்த வாரம் ஆய்வு மாணவி ஒருவர் எஃப்.எம்.ஆர்.ஐ. (வலுவான காந்தத்தைக் கொண்டு மூளை வேலை செய்வதைப் படமெடுக்கும் ஸ்கேன்) பரிசோதனைக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். பெயர் கொடுத்தேன்.

படிவம் நிரப்பவே அரை மணி நேரம். பேஸ்மேக்கர் உண்டா, அறுவைசிகிச்சையில் கிளிப் வைத்தார்களா, கண்ணில் எப்போதாவது உலோகத் துகள் பட்டதா? ஸ்கேன் ஓடும்போது மட்டும்தான் காந்தம் வேலை செய்யும் என்று நினைத்திருந்தேன். அது எந்நேரமும் விழித்தேதான் இருக்கிறதாம். கூந்தலில் மறந்திருந்த ஒரு ஹேர்பின்னுக்காக வாசலிலிருந்தே திருப்பி அனுப்பினார்கள்.

உள்ளே படுத்ததும் காதில் அடைப்பான், முகத்துக்கு மேல் கூண்டு, பயமாக இருந்தால் அழுத்தக் கையில் ஒரு ரப்பர் பந்து. சத்தத்தைப் பற்றி எல்லோரும் எச்சரித்தார்கள்; மூக்கு அரிக்கும் என்று ஒருவரும் சொல்லவில்லை. சொறிந்தால் தலை அசையும், சில மில்லிமீட்டர் அசைந்தாலே தரவு கெடும். வேலை எளிது: 20 விநாடி வலக்கை விரல்களைத் தட்ட வேண்டும், 20 விநாடி சும்மா இருக்க வேண்டும். மாற்றி மாற்றி.

ஒரு வாரம் கழித்து, அந்த ஆய்வு மாணவி காட்டிய திரையில் சாம்பல் நிறத்தில் என் மூளை. வலப்பக்கம் ஒரு சிவப்புப் பொட்டு.

"வலக்கையை இடது மூளைதானே இயக்கணும்? எனக்கு மட்டும் மாறியிருக்கா அக்கா?"

சிரித்துவிட்டார். "உன் காலடியில நின்னு பார்க்கிற மாதிரி படம் இது. உன்னோட இடது, எங்களுக்கு வலது." எல்லா மென்பொருளும் இப்படிக் காட்டாது. ஓரத்தில் இருக்கும் அடையாள எழுத்தைப் பார்க்காமல் பக்கம் சொல்லவே கூடாது.

அடுத்து அவர் சொன்னதுதான் என்னை உலுக்கியது. அந்தச் சிவப்பு, நிறம் பூசிய கணக்கு மட்டுமே. தட்டிய நேரத்துச் சமிக்ஞைக்கும் சும்மா இருந்த நேரத்துச் சமிக்ஞைக்கும் உள்ள வித்தியாசம். சிவப்பில்லாத இடங்கள் தூங்கிக்கொண்டிருக்கவில்லை. நரம்பணுக்களையும் கருவி நேரடியாக அளப்பதில்லை: வேலை செய்யும் இடத்துக்கு ரத்தம் தாராளமாகப் பாய்கிறது, ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபினின் பங்கு அங்கே குறைகிறது, சமிக்ஞை சற்றே கூடுகிறது. உச்சத்தைத் தொட ஏறக்குறைய 5 விநாடி ஆகும். மில்லிவிநாடிக் கணக்கு வேண்டுமென்றால், தலையில் மின்முனைகள் வைத்து மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி.க்குத்தான் போக வேண்டும்.

2009இல் சில ஆய்வாளர்கள் செத்த சால்மன் மீனை ஸ்கேனரில் வைத்து மனிதர்களின் படங்களைக் காட்டினார்கள். புள்ளியியல் திருத்தம் செய்யாமல் விட்டபோது அதன் மூளையிலும் 'செயல்பாடு' தெரிந்தது! ஆயிரக்கணக்கான புள்ளிகளைச் சோதித்தால் சில தற்செயலாகவே தேறிவிடும். மீனை நினைத்துக்கொண்டால் இந்தப் பாடம் மறக்காது.

பிறகு நோயாளிகளின் கதைகளை மறுபடி எடுத்தேன். 'டான்' என்ற ஒரே அசையைத் திரும்பத் திரும்பச் சொன்ன லெபோர்ன் இறந்ததும், 1861இல் பிரெஞ்சு மருத்துவர் ப்ரோக்கா அவர் மூளையின் இடது முன்மடலில் சேதத்தைக் காட்டினார். பாதுகாத்து வைத்த அதே மூளையை எம்.ஆர்.ஐ.யில் பார்த்த ஆய்வு 2007இல் வெளிவந்தது: சேதம் மேற்பரப்போடு நிற்கவில்லை, ஆழத்திலிருக்கும் இணைப்பு நார்கள் வரை போயிருந்தது. என் உள்தேர்வுக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது: அப்படிச் சொல்லிவிட முடியாது, அந்த இடத்தின் வழியே போகும் இணைப்பு அறுந்தும் திறன் போயிருக்கலாம்.

1848இல் இரும்புக் கம்பி மண்டையைத் துளைத்தும் பிழைத்த ஃபினியஸ் கேஜ், "ஆளே மாறிவிட்டார்" என்பதோடு என் குறிப்பேட்டில் முடிந்திருந்தார். ஆனால் பிற்பாடு சிலியில் பல ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டியிருக்கிறார். கட்டுப்பாடே இல்லாதவருக்கு அமையக்கூடிய வேலையா அது? மூளையின் நெகிழ்திறன் எனக்குப் பிடிபட்டது இங்கேதான். காயத்துக்குப் பின் உடல் தேறுவதில் பெரும்பங்கு, மிஞ்சிய இணைப்புகள் பயிற்சியால் மாறி வேலையைப் பங்கிட்டுக்கொள்வது. செத்த அணுக்கள் மீண்டும் முளைப்பதாக நான் கற்பனை செய்திருந்தேன்.

இறுதித் தேர்வில் தேறிவிட்டேன். அக்கா தந்த படக்கோப்பு இன்னும் என் மடிக்கணினியில் இருக்கிறது. அதில் மையப் பள்ளத்தைத் தேடிப் பிடித்து, கையை இயக்கும் புடைப்பைக் காட்டத் தெரியும். மூளையின் ஆழத்தில் ஒட்டியிருக்கும் இரு பகுதிகளில் புட்டமன் எங்கே முடிகிறது, குளோபஸ் பேலிடஸ் எங்கே தொடங்குகிறது என்று மட்டும் யாரும் கேட்காமல் இருக்க வேண்டும்.