கால் மாறிப் போட்ட பூட்ஸ்

கொலம்பியத் தலைநகர் பொகோட்டாவின் தென்புறத்தை ஒட்டி சொவாச்சா என்றொரு ஊர் இருக்கிறது. உள்நாட்டுப் போருக்கு அஞ்சிக் கிராமங்களை விட்டு ஓடிவந்த குடும்பங்கள் பெருமளவில் குடியேறிய ஏழை ஊர். 2008ஆம் ஆண்டு அங்கிருந்து சில இளைஞர்கள், தொலைவில் நல்ல கூலிக்கு வேலை இருப்பதாகச் சொன்னவர்களை நம்பிப் புறப்பட்டுப் போனார்கள். திரும்பவில்லை. சில மாதங்கள் கழித்து, வெனிசுவேலா எல்லையை ஒட்டிய மாநிலத்தில் உள்ள ஒக்கானா பகுதியில், பெயர் தெரியாதவர்களாகப் புதைக்கப்பட்டிருந்த அவர்களுடைய உடல்கள் அடையாளம் காணப்பட்டன. இராணுவத்தின் கணக்கில் அவர்கள் மோதலில் கொல்லப்பட்ட கெரில்லாக்கள்.

இந்தக் கொலைகளுக்கு அந்நாட்டில் வழங்கும் பெயர் 'பொய் பாசிட்டிவ்'. எதிரி ஒருவனைக் கொன்றால் அது படைப்பிரிவின் கணக்கில் ஒரு 'பாசிட்டிவ்'. அப்பாவியைக் கொன்று கணக்கு காட்டினால் அது பொய்யானது. கொரோனா காலத்தில் நாம் எல்லோரும் பழகிய பரிசோதனைக்கூடச் சொல்லான இது, எங்கோ நேர்ந்துவிட்ட கைப்பிசகு போல ஒலிப்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது, ஏனென்றால் இதில் பிசகாக நடந்தது எதுவுமே இல்லை.

ஃபார்க் முதலிய கெரில்லா இயக்கங்களை அரசு வென்றுவருகிறது என்பதற்கு மேலிடம் கேட்ட சான்று, பிணங்களின் எண்ணிக்கை. எண்ணிக்கை காட்டியவர்களுக்கு விடுமுறையும் பதக்கமும் பதவி உயர்வும் கிடைத்தன. 2005இல் பாதுகாப்பு அமைச்சகம் பிறப்பித்த 29ஆம் எண் ஆணை, கொல்லப்படும் அல்லது பிடிபடும் ஆயுதக்குழுத் தலைவர்களுக்கும் கைப்பற்றப்படும் ஆயுதங்களுக்கும் சன்மானத்தை வகைப்படுத்தியே வைத்திருந்தது. ஆள் பிடித்துத் தருவதற்குத் தரகர்கள் இருந்தார்கள். கொன்றபின் உடலுக்குச் சீருடை அணிவித்து, கையில் துப்பாக்கியைத் திணித்து, படம் எடுத்துக்கொள்வார்கள். அந்த அவசரத்தில் சில உடல்களுக்கு ரப்பர் பூட்ஸை இடம் வலம் மாற்றி மாட்டிவிட்டார்கள். 'தற்காப்புக்காகச் சுட்டதில்' என்று தொடங்கும் என்கவுன்டர் செய்திகளைப் படித்துப் பழகிய நமக்கு, இந்த நாடகத்தின் வசனம் புதிதாக இருக்காது.

தாய்மார்கள் கேள்வி கேட்கத் தொடங்கியபோது, 2008 அக்டோபரில், அந்த இளைஞர்கள் காப்பிப் பழம் பறிக்கப் போகவில்லை, குற்றச் செயலுக்காகவே போனார்கள் என்ற பொருளில் அதிபர் அல்வாரோ உரீபே சொன்னார். அதே மாதத்தில், மூன்று ஜெனரல்கள் உட்பட 27 இராணுவத்தினரை அவரே பணிநீக்கமும் செய்ய வேண்டியிருந்தது.

அரசும் ஃபார்க்கும் செய்துகொண்ட 2016 சமாதான உடன்படிக்கையின் வழியே உருவான சிறப்பு நீதிமன்றம், 2002 முதல் 2008 வரை மட்டும் குறைந்தது 6,402 பேர் இவ்வாறு கொல்லப்பட்டதாக 2021 பிப்ரவரியில் அறிவித்தது. அந்த எண்ணைவிட என்னை அதிகம் பாதித்தது அடுத்த ஆண்டு ஏப்ரலில் ஒக்கானாவில் நடந்த விசாரணைதான்: முன்னாள் இராணுவத்தினர் பத்துப் பேரும் பொதுமகன் ஒருவரும், கொல்லப்பட்டவர்களின் குடும்பத்தார் எதிரிலேயே எழுந்து நின்று, 120 கொலைகளில் தங்கள் பொறுப்பை ஒப்புக்கொண்டார்கள். தங்கள் பிள்ளை கெரில்லா அல்ல என்று பதினான்கு ஆண்டுகளாகச் சொல்லிவந்தவர்கள், அதை அன்றுதான் கொன்றவர்கள் வாயாலேயே கேட்டார்கள்.

சொவாச்சாவின் தாய்மார்கள் பிற்பாடு ரப்பர் பூட்ஸ்களுக்கு வண்ணம் தீட்டிப் பொது இடங்களில் வரிசையாக வைத்தார்கள். 2024 நவம்பரில், நாடாளுமன்ற வளாகத்தில் வைக்கப்பட்டிருந்த அந்த பூட்ஸ்களை உறுப்பினர் ஒருவர் அள்ளிக் குப்பைப் பையில் போட்டு, அதைக் காணொளியாகவும் வெளியிட்டார்.