மலேரியா ரெபிட் டெஸ்ட் ஸ்பொட்டில் கோட்டை எண்ணாதீர்கள், அன்டிஜனைக் கேளுங்கள்

பெறுபேறு வந்துவிட்டது. ஒட்டுண்ணியியல் நல்லபடியாகப் பாஸ். அம்மா நேர்த்திக்கடனுக்குத் தேங்காய் வாங்கக் கிளம்பிவிட்டார். மனம் லேசாக இருக்கும்போதே இதை எழுதிவிடுகிறேன். எம்.எல்.டி. (மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பம்) படிக்கும் நம் மலையகத்துத் தம்பி, தங்கச்சிமார் என்னிடம் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: "அக்கா, நாட்டில்தான் மலேரியா இல்லையே, அந்த ரெபிட் டெஸ்ட் கிட்டைப் பற்றி அவ்வளவு படிக்க வேண்டுமா?"

கட்டாயம் படிக்க வேண்டும். இலங்கையில் உள்நாட்டில் தொற்றிய மலேரியா 2012 ஒக்டோபரோடு நின்றது, 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழும் தந்தது. அதனால்தான் இந்தக் கேள்வி இப்போது கடினமாக வருகிறது. நோயாளி குறைந்தால் மைக்ரோஸ்கோப்பில் இரத்த ஸ்லைட் பார்த்துப் பழகிய கண்ணும் குறையும். பயிற்சிக் காலத்தில் நாங்கள் பார்த்த ஒட்டுண்ணிகள் எல்லாம் பல வருடங்களாகப் பெட்டியில் கிடந்து சாயம் மங்கிய ஸ்லைட்களில் இருந்தவைதான். கண்ணில் நம்பிக்கை இல்லாதபோது எல்லோரும் கார்டை, அதாவது இரத்தம் விட்டால் கோடு காட்டும் ரெபிட் டெஸ்ட்டை, நம்புகிறார்கள். கார்ட் எங்கே ஏமாற்றும் என்பதைத்தான் பரீட்சையில் கேட்கிறார்கள், கேட்கவும் வேண்டும்.

நம் பக்கத்துக்கு இது தூரத்து விஷயமும் இல்லை. 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு தமிழ்நாட்டுக்குப் போன சொந்தங்களைப் பார்க்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள், சபரிமலைக்கு மாலை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். மலேரியா ஒட்டுண்ணி இனங்களில் ஒன்றான விவாக்ஸ் கல்லீரலில் மாதக்கணக்கில் ஒளிந்திருந்துவிட்டு எழும்பும். அட்டன் குளிரில் ஒருவர் காய்ச்சலோடு வந்தால் டெங்கு, எலிக்காய்ச்சல் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். பயண விபரம் கேட்காத லெப் அந்த இடத்திலேயே தோற்றுவிடும்.

எங்கள் பட்ச்சில் கைமாறிய குறிப்பில் ரெபிட் டெஸ்ட்டுக்கு இருந்தது நாலே வரி: சி கோடு (கட்டுப்பாட்டுக் கோடு), டி கோடு (சோதனைக் கோடு), பொசிட்டிவ், நெகட்டிவ். அதை வைத்துக்கொண்டு ஸ்பொட்டுக்கு (மேசையில் வைத்ததைப் பார்த்து விடை எழுதும் பரீட்சைக்கு) போனவர்களின் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. அந்தக் குறிப்பு இன்னும் சுற்றுகிறது, தயவுசெய்து அதை நம்பாதீர்கள். கொவிட் கார்ட் பார்த்த பழக்கத்தையும் ஒதுக்கி வையுங்கள்.

என்னைக் காப்பாற்றியது ஒரே பழக்கம். கோடு வந்ததா என்று பார்க்கும் முன், "இந்தக் கோடு எந்த அன்டிஜனைப் பிடிக்கிறது?" என்று கேட்பது. அன்டிஜன் என்றால் இங்கே கார்ட் தேடும் ஒட்டுண்ணிப் புரதம். வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

எச்.ஆர்.பி. 2 என்பது பல்சிபாரம் (உயிராபத்து அதிகமான மலேரியா இனம்) மட்டும் சுரக்கும் புரதம். ஒட்டுண்ணி செத்த பிறகும் வாரக்கணக்கில் இரத்தத்தில் கிடக்கும். பி.எல்.டி.எச். உயிருள்ள ஒட்டுண்ணி உண்டாக்கும் நொதியம், ஒட்டுண்ணி செத்தால் சீக்கிரம் மறையும். பான் கோடு என்பது எல்லா இனத்துக்கும் பொதுவான பி.எல்.டி.எச். அல்லது அல்டோலேஸ்.

இவ்வளவுதான் அடிப்படை. இனி இதை வைத்து எப்படி மடக்குவார்கள் என்று பாருங்கள்.

மொசாம்பிக்கில் மாணிக்க வியாபாரம் செய்துவிட்டு வந்தவர். மூன்று வாரத்துக்கு முன் பல்சிபாரத்துக்கு முழு சிகிச்சை எடுத்தவர். மறுபடி காய்ச்சல். கார்டில் எச்.ஆர்.பி. 2 கோடு மட்டும் இருக்கிறது. "மருந்து வேலை செய்யவில்லை" என்று எழுதினால் புள்ளி போய்விடும். பழைய அன்டிஜன் மிச்சமாக இருக்கலாம், முடிவு சொல்ல வேண்டியது ஸ்லைட். அதே ஆளுக்கு பி.எல்.டி.எச். வந்திருந்தால்? சந்தேகம் கூடும். ஆனால் நோயை உண்டாக்காத கமிட்டோசைட் (ஒட்டுண்ணியின் பாலினப் பருவம்) மிஞ்சியிருந்தாலும் அந்தக் கோடு வரும். அதையும் ஒரு வரி எழுதுங்கள்.

ஆபிரிக்காவிலிருந்து வந்து நினைவு தப்பிய நோயாளி, கார்டில் சி கோடு மட்டும். இங்கே ப்ரோசோன் நினைவுக்கு வர வேண்டும். அன்டிஜன் அளவுக்கு மிஞ்சி இருந்தால் எச்.ஆர்.பி. 2 கோடு மங்கும், சில வேளை வராமலே போகும். சேலைனில் பத்து மடங்கு ஐதாக்கித் திரும்பப் போடுங்கள், கூடவே ஸ்லைட்.

மூன்றாவதுதான் என் வைவாவில் (வாய்மொழிப் பரீட்சையில்) வந்தது. எச்.ஆர்.பி. 2 கோடு இல்லை, பான் கோடு மட்டும் இருக்கிறது, நோயாளி எரித்திரியாவிலிருந்து வந்தவர். "விவாக்ஸ்தானே?" என்று சேர் ஆமாம் போட வைப்பது போலக் கேட்டார். பல்சிபாரம் அல்லாத இனம் என்பதுதான் வழக்கமான பதில். ஆனால் சில பல்சிபாரத்தில் அந்த எச்.ஆர்.பி. 2 ஜீனே இல்லை. முதலில் பெருவில் கண்டார்கள், அப்புறம் எரித்திரியா, எத்தியோப்பியா, ஜிபூட்டி என்று ஆபிரிக்காவின் கொம்புப் பக்கம் பரவலாகத் தெரிய வந்தது. அப்படிப்பட்ட பல்சிபாரம் கார்டில் விவாக்ஸ் வேஷம் போடும். லெப் விவாக்ஸ் என்று எழுதி அனுப்பினால் வார்டில் குளோரோகுயின் கொடுப்பார்கள், ஆபிரிக்கப் பல்சிபாரத்துக்கு அது கேட்காது. ஒரு ரிப்போர்ட்டில் ஒரு சொல் தப்பினால் ஓர் உயிர். இதைச் சொன்னதும் சேர் அடுத்த கேள்விக்குப் போகாமல் பேனாவை மூடி வைத்தார். இப்படியான பல்சிபாரத்தால் தவறும் நோயாளிகள் 5 சதவீதத்தை எட்டினால் கிட்டையே மாற்றச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இரண்டு கோடும் வந்தால்? பல்சிபாரம் தனியாகவும் இருக்கலாம், கலப்புத் தொற்றாகவும் இருக்கலாம். கார்டால் பிரித்துச் சொல்ல முடியாது.

படிக்கும் விதம் அவரவர் சுபாவம். எனக்குக் கூட்டமாக உட்கார்ந்து படிப்பது சரிவராது, பேச்சுத்தான் வளரும். பழைய கலண்டர் தாளைப் புரட்டிப் போட்டு, பின்பக்கத்தில் கார்ட் கார்டாக வரைந்தேன். ஒவ்வொன்றிலும் கோடுகளை மாற்றிப் போட்டு, பக்கத்தில் நோயாளி எங்கிருந்து வந்தார், மருந்து எடுத்தாரா, எத்தனை நாள் காய்ச்சல் என்று எழுதினேன். தனியே இருந்து படிக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

செய்முறையில் கவனிக்க வேண்டியவை:

– குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த உறையை உடனே கிழிக்காதீர்கள். அறை வெப்பத்துக்கு வந்த பிறகுதான். நம் ஊர் மூடுபனிக் காலையில் திறந்து வைத்த கார்ட் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். திறந்தால் உடனே பாவியுங்கள். ஈரமுறிஞ்சிப் பொட்டலம் நிறம் மாறியிருந்தால் அந்தக் கார்ட் வேண்டாம்.
– இரத்தம் பெரும்பாலான கிட்களுக்கு 5 மைக்ரோலீற்றர். கூடினால் பின்னணி சிவந்து மங்கல் கோடு தெரியாமல் போகும்.
– பஃபர் (கார்டில் விடும் கரைசல்) போத்தலை நேராகப் பிடியுங்கள். சரித்தால் துளியின் அளவு மாறும். வேறு கிட்டின் பஃபரைத் தொடவே வேண்டாம்.
– உறையில் சொன்ன நேரத்துக்குப் படியுங்கள். பிந்திப் படித்தால் இல்லாத கோடும் தெரியும்.
– மங்கல் கோடும் பொசிட்டிவ்தான். கோடு தடித்திருப்பதை வைத்து ஒட்டுண்ணி எண்ணிக்கை சொல்லக்கூடாது.
– சி கோடு வந்தால் திரவம் ஓடியது, பட்டை வேலை செய்தது என்று மட்டும் அர்த்தம். இரத்தமே விடாமல் பஃபர் மட்டும் விட்டாலும் அது வரும்.

கடைசியாகச் சொன்னதை நான் விடைத்தாளில் அடிக்கோடிட்டே எழுதினேன்.

முடக்கு வாதக் காரணி இருந்தால் பொய்ப் பொசிட்டிவ், ஓவேல், மலேரியே இனங்களுக்கு உணர்திறன் குறைவு. இவை ஒவ்வொரு வரி போதும், நீட்ட வேண்டாம்.

உணர்திறனுக்கு ஓர் இலக்கம் கேட்பார்கள். மைக்ரோலீற்றருக்கு ஏறத்தாழ 200 ஒட்டுண்ணி இருந்தால் நல்ல கிட் பிடித்துவிடும். அதற்குக் கீழே நம்பிக்கை குறையும். கைதேர்ந்தவர் திக் ஃபிலிமில் (தடித்த இரத்தப் பூச்சில்) அதைவிட எவ்வளவோ குறைந்ததையும் காண்பார். எங்கள் நாட்டில் சிறு வயதிலிருந்தே மலேரியா பட்டு எதிர்ப்புச் சக்தி பெற்றவர்கள் இல்லை. ஒட்டுண்ணி குறைவாக இருக்கும்போதே காய்ச்சல் காய்ந்து வந்துவிடுவார்கள். அதனால் நெகட்டிவ் கார்டுக்கு நீங்கள் எழுத வேண்டிய வாசகம் இதுதான்: "இந்தச் சோதனையில் அன்டிஜன் தென்படவில்லை. மலேரியாவை நிராகரிக்க முடியாது. 12 முதல் 24 மணித்தியால இடைவெளியில் மூன்று முறை இரத்தப் பூச்சு பார்க்கவும்." 'மலேரியா இல்லை' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பொசிட்டிவ் என்றால் அன்றே மலேரியா தடுப்பு இயக்கத்துக்கு அறிவிக்க வேண்டும், ஸ்லைட்டை உறுதிப்படுத்த அனுப்ப வேண்டும். இந்த ஒரு வரிக்கும் தனிப் புள்ளி உண்டு.