கிர்க் தலையில் விழுந்துகொண்டே இருந்த ட்ரிபில்கள்

1967 டிசம்பர் 29 அன்று ஒளிபரப்பானது, ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க விண்வெளித் தொலைக்காட்சித் தொடரின் எபிசோட் ‘தி ட்ரபிள் வித் ட்ரிபில்ஸ்’. அதில் கே-7 விண்வெளி நிலையத்தின் தானியக் கிடங்கை எண்டர்பிரைஸ் விண்கலத்தின் கேப்டன் கிர்க் திறப்பார். மேலிருந்து ட்ரிபில்கள் என்ற புசுபுசு உரோம உருண்டைப் பிராணிகள் கொட்டி அவரை மார்பு வரைக்கும் மூடிவிடும். காட்சி அதோடு நிற்கவில்லை. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒன்று, அப்புறம் இன்னொன்று என்று தலையிலும் தோளிலும் விழுந்துகொண்டே இருக்கும். கேமராவுக்கு வெளியே, மேலே நின்றவர்கள் எறிந்துகொண்டிருந்தார்கள். 1967-இல் காரணம் அவ்வளவுதான்.

1996 நவம்பரில், ஸ்டார் ட்ரெக்கின் 30-ஆம் ஆண்டுக்காக டீப் ஸ்பேஸ் நைன் தொடரில் ‘ட்ரையல்ஸ் அண்ட் ட்ரிபில்-ஏஷன்ஸ்’ வந்தது. அந்தத் தொடரின் கேப்டன் சிஸ்கோவும் அவர் ஆட்களும் 105 ஆண்டு பின்னால் போய் அதே பழைய சம்பவத்துக்குள் மாட்டிக்கொள்வார்கள். பழைய படத்திலேயே புது நடிகர்களை ஒட்டியிருக்கிறார்கள். ஏதோ ஒரு ட்ரிபிலுக்குள் வெடிகுண்டு இருக்கிறது. அது எது என்று கிடங்குக்குள் உட்கார்ந்து தேடும் சிஸ்கோவும் அவர் அதிகாரி டாக்ஸும், சோதித்து முடித்ததையெல்லாம் வெளியே எறிகிறார்கள். கீழே கிர்க் தலையில் விழுபவை அவைதான்.

இந்த இரண்டு எபிசோடையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு, பழையதும் புதியதும் சேரும் தையல் எங்கே இருக்கிறது என்று பார்ப்பதுதான் நான் எடுத்துக்கொண்ட வேலை. ரிச்சி தெருவில் வாங்கிய பழைய மானிட்டர் ஒன்று, என் லேப்டாப் ஒன்று. வி.எல்.சி. ப்ளேயரில் ‘ஈ’ பட்டனைத் தட்டினால் படம் ஒவ்வொரு ஃபிரேமாக நகரும். அது போதும்.

ஆரம்பிக்கும் முன்னால் எந்தப் பதிப்பைப் பார்ப்பது என்பதை முடிவுசெய்ய வேண்டியிருந்தது. 2006-இலிருந்து வெளியான மெருகேற்றிய பதிப்பில் விண்வெளிக் காட்சிகளைக் கணினியில் புதிதாகச் செய்துவிட்டார்கள். பார்க்க அழகுதான். ஆனால் கே-7 அதிகாரியின் அறை ஜன்னலில் தெரியும் எண்டர்பிரைஸ், அன்று கடையில் விற்ற ஏ.எம்.டி. பிளாஸ்டிக் மாடல். அந்த மாதிரி விஷயங்களைப் பழைய காட்சிகள் அப்படியே இருக்கும் பதிப்பில்தான் பார்க்க முடியும். புளூரே வட்டில் இரண்டும் இருக்கிறது, தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

எப்படிக் குறிப்பெடுப்பது என்று சொல்லிக்கொடுத்தது எங்கள் மாடி வீட்டு அக்கா. வடபழனி பக்கம் சீரியல்களில் உதவி இயக்குநராக இருந்தவர். ஷாட்டுக்கு ஷாட் எதுவும் மாறிவிடாமல் இருக்கக் கண்டினியூட்டி எழுதியே பழகிய கை. “முகத்தைப் பார்க்காதே. முகம்தான் உன்னை ஏமாத்தும். கை எங்கே இருக்கு, லுக் லெஃப்ட்டா ரைட்டா, நிழல் எந்தப் பக்கம் விழுது, இந்த மூணை மட்டும் எழுது” என்றார். ஷாட் எண், கை, லுக், நிழல் என்று நோட்டில் கோடு போட்டுக்கொடுத்ததும் அவர்தான்.

அந்த நோட்டு பலன் கொடுத்த இடம், கிளிங்கன்கள் என்ற வேற்றுக்கிரக எதிரிகளோடு போட்ட சண்டைக்குப் பிறகு கிர்க் தன் ஆட்களை வரிசையில் நிறுத்தி விசாரிக்கும் காட்சி. ‘சண்டையை ஆரம்பித்தது யார்’ என்று கிர்க் கேட்டுக்கொண்டே வருவார். பழைய காட்சியில் பதில் சொன்ன ஆளின் இடத்தில் புதியதில் சிஸ்கோவின் ஆள் ஓ’ப்ரையன் நிற்கிறார், பக்கத்தில் அதே குழுவின் பஷீர். கிர்க்கின் பார்வை ஓ’ப்ரையனின் கண் உயரத்துக்குச் சரியாகப் போகிறது. நிழல் அறுபதுகளின் செட் வெளிச்சத்துக்கே உரிய கூர்மையோடு அதே பக்கம் விழுகிறது. ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தியும் தையல் என் கண்ணுக்குத் தெரியவில்லை. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு தடவை ஓட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, “லுக் மேட்ச் பண்ணவனுக்குத் தனியா சம்பளம் கொடுத்திருக்கணும்” என்றார்.

கடைசியில் சிஸ்கோ கிர்க்கிடம் போய் நின்று பேசுவாரே, அது ட்ரிபில் எபிசோடிலிருந்து எடுத்ததே இல்லை. 1967 அக்டோபரில் வந்த ‘மிரர், மிரர்’ எபிசோடின் முடிவுக் காட்சி. அங்கே கிர்க் முன்னால் நிற்பவர் மார்லினா என்ற பெண் அதிகாரி. அவர் இடத்தில் சிஸ்கோவை வைத்திருக்கிறார்கள். மூன்றாவது ஜன்னல் திறந்து அதையும் ஓட்டினேன். கிர்க் முகத்தில் அந்த லேசான சிரிப்பு ஏன் என்பது அப்போதுதான் புரிந்தது.

உடை நிறத்தையும் விடவில்லை. சிஸ்கோ காலத்தில் தலைமைக்குச் சிவப்பு, பொறியாளர்களுக்கு மஞ்சள். கிர்க் காலத்தில் அப்படியே தலைகீழ். எபிசோடிலேயே இதைப் பேசிவிடுகிறார்கள். கிர்க் கால லிஃப்டில் கைப்பிடியைப் பிடித்தால்தான் நகரும் என்பது தெரியாமல் ஓ’ப்ரையனும் பஷீரும் நிற்பதும் உண்டு. கிளிங்கன்களின் நெற்றி வேறு கதை. 1967-இல் வழுவழுப்பு, 1979 திரைப்படத்திலிருந்து மேடு பள்ளம். சிஸ்கோவின் குழுவில் இருக்கும் கிளிங்கன் வொர்ஃபிடம் கேட்டால், வெளியாட்களோடு அதைப் பேசுவதில்லை என்று முடித்துவிடுவார். 2005-இல் ‘எண்டர்பிரைஸ்’ என்ற இன்னொரு ஸ்டார் ட்ரெக் தொடர் இதற்கு இரண்டு எபிசோடில் விளக்கம் கொடுத்தது. எனக்கு வொர்ஃபின் பதிலே போதும். எல்லா ஓட்டையையும் அடைக்க வேண்டியதில்லை.

கிடங்கில் எத்தனை ட்ரிபில் என்று கிர்க்கின் அதிகாரி ஸ்பாக் போடும் கணக்கையும் சரிபார்த்தேன். ஒரு ட்ரிபில், ஒரு ஈற்றுக்குப் பத்துக் குட்டி, பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு தலைமுறை, மூன்று நாள். அவர் சொல்லும் விடை 17,71,561. தாயையும் சேர்த்தால் ஒவ்வொரு தடவையும் பதினொரு மடங்கு, மொத்தம் ஆறு தலைமுறை. 11, 121, 1,331, 14,641, 1,61,051, 17,71,561. பிளஸ் ஒன் படிக்கும் அண்ணன் மகன் பேப்பரே இல்லாமல் ‘பதினொன்றின் ஆறாவது அடுக்கு’ என்றான். 1967 எபிசோடை எழுதிய டேவிட் ஜெரால்ட் இதை உட்கார்ந்து போட்டுப் பார்த்திருக்கிறார். தாயை விட்டுவிட்டால் வெறும் பத்து லட்சம்தான் வரும். அந்த ஜெரால்டே 1996 எபிசோடில் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு ஒரு காட்சியில் நிற்கிறார்.

1967-இல் கிர்க்கிடம் மாட்டிக்கொண்ட கிளிங்கன் ஒற்றன் டார்வினாக நடித்த சார்லி ப்ரில் 29 ஆண்டுக்குப் பின் அதே டார்வினாகவே வந்திருக்கிறார். வயதான டார்வினுக்குக் கிர்க் மேல் இருக்கும் கோபம்தான் கதையையே கிளப்புகிறது. இதை என்னால் வியக்காமல் இருக்க முடியவில்லை. பழைய படத்தில் புது ஆளை ஒட்டுவது தொழில்நுட்பம். காசும் நேரமும் இருந்தால் நடக்கும். பழைய கதை விட்டுவைத்த இடத்தைக் கண்டுபிடித்து, அதில் ஒரு வரியையும் கலைக்காமல் தன் கதையைக் குடிவைப்பது வேறு. அதற்குப் பழையதை ரொம்பப் பிரியமாகப் பார்த்திருக்க வேண்டும்.

நோட்டில் இன்னும் பாக்கி இருப்பது எண்டர்பிரைஸின் கட்டுப்பாட்டு அறைக் காட்சிகள். அறுபதுகளின் எபிசோடில் கலத்தை ஓட்டும் சுலுவே கிடையாது. சுலுவாக நடித்த ஜார்ஜ் டகேய் அப்போது ‘தி கிரீன் பெரேஸ்’ படப்பிடிப்பில் இருந்தார். அவர் நாற்காலியில் ஷாட்டுக்கு ஷாட் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எழுத ஆரம்பித்திருக்கிறேன். செய்து பார்க்க நினைப்பவர்கள் கிடங்குக் காட்சியிலிருந்து தொடங்குங்கள். சத்தத்தை நிறுத்திவிட்டு, பழையதை முதலில் ஓட்டி, ஒவ்வொரு ட்ரிபிலும் விழும் நேரத்தை எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் புதியதைப் போடுங்கள்.