உள்ளே ஒரு குழாய்: சோமனூரில் எழுதிய குறிப்புகள்

ஏப்ரல் 3, 2025, வியாழன்

இடப்பக்கச் சிறுநீர்க்குழாயில் அடைத்திருந்த கல்லை நேற்று கோவையில் லேசர் கொண்டு பொடித்து எடுத்தார்கள்; இன்று மாலை வீடு வந்து சேர்ந்தாயிற்று. கல்லை எடுத்துவிட்டாலும், சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பை வரைக்கும் ஒரு மெல்லிய குழாயை உள்ளேயே விட்டிருக்கிறார்கள். டிஜே ஸ்டென்ட் என்று பெயர். 26 சென்டிமீட்டர் நீளமும் 2 மில்லிமீட்டர் தடிமனும் கொண்டது. நழுவாமல் இருப்பதற்காக இரு முனைகளும் சுருண்டிருக்கும். 17ஆம் தேதி எடுத்துவிடலாம் என்று டிஸ்சார்ஜ் தாளில் எழுதி, அந்தத் தேதியைச் சிவப்பு மையில் வட்டமிட்டுக் கொடுத்தார் மருத்துவர்.

பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பா விசாரிக்க வந்திருந்தார். "கல்லத்தான் எடுத்துப் போட்டாங்கல்ல கண்ணு, அப்புறம் எதுக்கு உள்ள கொழாய் கெடக்குது?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். கருவி போய்வந்த பாதை சில நாள்களுக்கு வீங்கியிருக்கும். அந்த வீக்கமோ மிச்சமிருக்கும் கல்துகளோ வழியை மறித்தால் சிறுநீர் தேங்கி, பழைய விலாவலி திரும்பிவிடும் என்று சொன்னேன். பாதி நம்பிக்கையோடு தலையாட்டிவிட்டு, வாழைத்தண்டு கொடுத்தனுப்புவதாகச் சொல்லிப் போனார்.

ஏப்ரல் 4, வெள்ளி

இரவு தூக்கமே இல்லை. சிறுநீர் கழித்துவிட்டு வந்து படுத்த மறுகணமே, கழிக்காதது போன்ற முட்டல். "ஏனுங்க, இப்பத்தானுங்க போயிட்டு வந்தீங்க?" என்று வீட்டுக்காரி கேட்பதில் தவறில்லை, பை காலியாக இருக்கிறது என்பது எனக்கும் தெரியும், ஆனால் உடம்பு ஒப்புக்கொள்வதில்லை. குழாயின் கீழ்முனைச் சுருள் சிறுநீர்ப்பையின் அடித்தளத்தில் கிடக்கிறது. உடம்பிலேயே மிகவும் கூச்சமுள்ள இடங்களில் அதுவும் ஒன்று. பை காலியாகிச் சுருங்கும்போது அதன் சுவர் சுருளின் மேல் வந்து அழுந்துவதால்தான், கழிக்கத் தொடங்கும்போது இல்லாத வலி கடைசிச் சொட்டில் சுரீரென்று பிடிக்கிறது. காரணம் புரிந்த பிறகு வலி குறைந்துவிடவில்லை என்றாலும், ஏதோ கெட்டுப்போய்விட்டது என்ற பயம் போய்விட்டது. அதுவே பெரிய ஆறுதல்.

ஏப்ரல் 6, ஞாயிறு

இன்று கண்டுகொண்டது இன்னொரு வலி. கழிக்கும் நேரத்தில் இடது விலாவில் முதுகுப்பக்கமாக ஏறுகிறது, முடித்ததும் இறங்கிவிடுகிறது. கல் மீண்டும் வந்துவிட்டதோ என்று மருத்துவமனைக்குத் தொலைபேசியில் கேட்டபோது செவிலியர் விளக்கிய விதம் தெளிவாக இருந்தது. சிறுநீர்க்குழாய் பையைச் சந்திக்கும் இடத்தில், கீழே வந்த நீர் மேலே திரும்பாதபடி இயற்கையாகவே வால்வு போன்ற ஒரு தடுப்பு அமைந்திருக்கிறதாம். ஸ்டென்ட் அதன் ஊடாகப் போவதால் அது மூடிக்கொள்ள முடிவதில்லை, ஆகவே பை அழுந்தும்போது கொஞ்சம் சிறுநீர் மேலேறிச் சிறுநீரகத்தை முட்டுகிறது. முக்காமல், உட்கார்ந்து, நிதானமாகக் கழிப்பதும், பை நிறையும்வரை அடக்கி வைக்காமல் போய்விடுவதும் இதைக் கணிசமாகக் குறைக்கின்றன என்பதை மாலைக்குள் உணர்ந்துவிட்டேன்.

ஏப்ரல் 9, புதன்

வேலைக்குப் போகலாம் என்று அனுமதி இருந்ததால் எக்ஸெல் வண்டியில் தறிக்குடோனுக்குப் போய்வந்தேன். கருமத்தம்பட்டி சாலையின் குண்டுகுழிகளில் குலுங்கி வந்த பிறகு கழித்த சிறுநீர், பீட்ரூட் அலசிய தண்ணீரின் நிறத்தில் இருந்தது. நடமாட்டத்தில் குழாய் உள்ளே உரசுவதால் வரும் ரத்தம் இது. இரண்டு சொம்புத் தண்ணீர் குடித்துச் சற்று நேரம் படுத்திருந்ததும் வெளிறிவிட்டது. கவலைப்பட வேண்டியவை வேறு: 100.4 டிகிரியைத் தொட்டுவிட்ட காய்ச்சல், குளிர்நடுக்கம், கட்டி கட்டியாக ரத்தம், சிறுநீர் அடியோடு நின்றுபோவது, மாத்திரைக்கு அடங்காத வலி. இவற்றில் எது வந்தாலும் இரவென்றும் பாராமல் புறப்பட வேண்டும். இந்த வரிகளை ஒரு தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் மேல் ஒட்டி வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 14, திங்கள், சித்திரை 1

வெயில் கொளுத்துகிறது. தண்ணீரைக் காலையிலிருந்தே பரவலாகக் குடித்து, இரவு உணவுக்குப் பிறகு குறைத்துக்கொள்வதால் தூக்கம் ஓரளவு திரும்பியிருக்கிறது. படுக்கும்முன் போடும் டாம்சுலோசின் 0.4 மில்லிகிராம் மாத்திரை, சிறுநீர்க்குழாயின் கீழ்ப்பகுதித் தசையைத் தளர்த்துகிறது. எழும்போது தலை லேசாகச் சுற்றும் என்பதால் கட்டில் ஓரத்தில் சற்று உட்கார்ந்துவிட்டுத்தான் எழ வேண்டியிருக்கிறது. முட்டலுக்குக் கொடுத்த சாலிஃபெனசின் நாக்கை வறளச் செய்து மலச்சிக்கலையும் கொண்டுவந்தது. முக்கினால் எல்லா வலியும் ஒன்றாய் வரும். கொய்யாவும் கீரையும்தான் காப்பாற்றின. காப்பியை நிறுத்தியதில் பலன் தெரிந்தது. வாழைத்தண்டுச் சாற்றில் எனக்கு எதுவும் தெரியவில்லை, ஆனாலும் பெரியப்பாவுக்காகக் குடிக்கிறேன்.

குடோனில் பாவு பிணைக்க வருபவர், நான் அடிக்கடி எழுந்து போவதைப் பார்த்துவிட்டுச் சொன்னது மனத்தில் ஓடிக்கொண்டே இருக்கிறது. "எனக்கும் போன வருசம் கல்லு எடுத்தப்ப இப்பிடித்தானுங்க ஒரு கொழாய் வெச்சாங்க. மொதல்ல எரிச்சலுங்க, அப்புறம் பழகிப்போச்சுங்ணா." எடுத்தார்களா என்று கேட்டேன். எடுக்க வேண்டும் என்றே யாரும் சொல்லவில்லையாம். சாதாரண ஸ்டென்டைச் சுமார் மூன்று மாதத்துக்குள் எடுக்கவோ மாற்றவோ வேண்டும். விட்டுவிட்டால் அதன் மேலேயே உப்புப் படிந்து கல்லாகி, சிறுநீரகத்தையே கெடுத்துவிடக்கூடும். தொல்லை கொடுக்கும் குழாயை யாரும் மறப்பதில்லை. பழகிப்போன குழாய்தான் ஆபத்து. வியாழக்கிழமை என்னோடு வரச் சொல்லியிருக்கிறேன்.

ஏப்ரல் 17, வியாழன்

எடுத்தாயிற்று. மரப்பு ஜெல்லி வைத்துச் சற்றுக் காத்திருந்து, வளையும் தன்மையுள்ள கேமராக் குழாயை நுழைத்து, ஸ்டென்டின் நுனியை இடுக்கியால் பிடித்து இழுத்தார்கள். இழுக்கும் நேரம் சில நொடிகள்தான்; அந்த நொடிகள் கூச்சமாகவும் எரிச்சலாகவும் இருந்தன, பயந்த அளவுக்கு இல்லை. நீல நிறக் குழாய், நெடுகக் கறுப்பு அளவுக்கோடுகள். கீழ்ச்சுருளில் மட்டும் மணல்போல ஏதோ சொரசொரவென்று ஒட்டியிருந்தது. இரண்டே வாரத்தில் இவ்வளவு. இன்னும் ஓரிரு நாள் எரிச்சலும், ஒருவேளை விலாவலியும் இருக்கலாம் என்றும், சில வாரம் கழித்து ஒரு ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றும் சொன்னார்கள்.

பாவு பிணைப்பவருக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். குழாய் அப்படியே இருக்கிறது. மேல்சுருளைச் சுற்றி வெள்ளையாகத் தடித்துப் படிந்திருப்பதை மருத்துவர் பேனா முனையால் காட்டினார். இழுத்தால் வராது, முதலில் படிந்ததை உடைக்க வேண்டும், அதற்கு முன் சிடி ஸ்கேனும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையும் வேண்டும் என்றார். ரத்தம் இன்றே கொடுத்துவிட்டார், ஸ்கேன் திங்கட்கிழமை. மருத்துவக் காப்பீட்டு அட்டையையும், போன வருடத்து டிஸ்சார்ஜ் தாள் எங்கேயாவது கிடந்தால் அதையும் தேடி எடுத்து வரும்படி அவர் வீட்டம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தேன்.