செவலைக்கு ஐம்பது ரூபாய்

செவலை எங்கள் தெரு நாய். எந்த வீட்டுக்கும் சொந்தமில்லை, எல்லா வீட்டு வாசலிலும் சோறு தின்னும். 2022 ஆடி மாதம், வேலூர் மாவட்டம் அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கம் எங்கள் ஊரில், விடிகாலையில் கோலம் போட வந்த அம்மாதான் முதலில் பார்த்தார். வாய் நிறைய நுரை, நாலு காலும் விறைத்துக் கிடந்தது. பக்கத்தில் வாழை இலைத் துண்டில் கருவாட்டுக் குழம்பு ஊற்றிய சோறு. குனிந்து பார்த்தேன். பருக்கைகளுக்கு நடுவே ஊதா நிறத்தில் குருணை மருந்து.

வைத்தவர் யாரென்று தெருவுக்கே தெரியும். "ஆட்டுக்குட்டியைக் கடிச்சா சும்மா விடுவேனா?" என்று அவரே டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தார். கடித்தது செவலைதானா? அதைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

சத்துவாச்சாரி கோர்ட் பக்கம் டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். பதினெட்டு வருஷமாக ஊராருக்கு மனு அடித்துக் கொடுத்தவன், அன்று எனக்கே ஒன்று அடித்தேன். ஸ்டேஷனில் கேட்ட முதல் கேள்வி, "நாய் யாருதுப்பா?"

கேள்விக்குக் காரணம் இருந்தது. அப்போதிருந்த இந்திய தண்டனைச் சட்டம் 428-ஆம் பிரிவுப்படி, 10 ரூபாயாவது பெறுமானமுள்ள விலங்கைக் கொன்றால்தான் இரண்டு வருஷம் வரை சிறை. சொந்தக்காரரே இல்லாத நாய்க்கு விலை சொல்வது யார்?

மிஞ்சியது 1960-ஆம் வருஷ மிருகவதைத் தடுப்புச் சட்டம். அதன் 11-ஆம் பிரிவு தெருநாய் என்று பெயர் சொல்லியே, கொடூரமாகக் கொல்வது குற்றம் என்கிறது. படித்ததும் தெம்பு வந்தது. தண்டனையைப் படித்ததும் போய்விட்டது. முதல் தடவை என்றால் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. மூன்று வருஷத்துக்குள் மறுபடி செய்தால்தான் 100 ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ.

அந்த ஐம்பது ரூபாய்க்கே எவ்வளவு அலைச்சல்! மஞ்சள் தெளித்துப் புதைத்துவிடலாம் என்றார் அம்மா. நான் விடவில்லை. டாக்டர் அறுத்துப் பார்க்காமல் விஷம் என்பது காகிதத்தில் ஏறாது. சாக்கில் சுற்றி, டிவிஎஸ் எக்ஸ்எல்லில் முன்னால் வைத்துக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். வழி நெடுக அதன் வால் என் முழங்காலில் இடித்துக்கொண்டே வந்தது. இரைப்பையைப் பாட்டிலில் போட்டுச் சீல் வைத்தார்கள். முடிவு வரட்டும் என்று உட்கார்ந்திருக்கவும் முடியாது. குற்றம் நடந்து மூன்று மாதம் தாண்டினால் அந்தச் சட்டத்தில் வழக்கே போட முடியாது. எங்களுடையது எண்பத்தொன்றாவது நாள்தான் கோர்ட்டுக்குப் போயிற்று.

அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து ஒற்றை நோட்டை எடுத்துக் கட்டினார். அன்று சந்தையில் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் கிலோ அறுபது. மாஜிஸ்திரேட் மேல் எனக்கு வருத்தமில்லை, சட்டம் அவர் கையில் கொடுத்த உச்சமே அதுதான். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம் போய், அதன் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. அதன் 325-ஆம் பிரிவில் விலைக் கணக்கு இல்லை. எந்த விலங்கைக் கொன்றாலும், விஷம் வைத்தாலும், ஊனமாக்கினாலும் ஐந்து வருஷம் வரை சிறை.

போன தை மாதம் பக்கத்து ஊர் அக்கா ஒருவர் கடைக்கு வந்தார். அவர் சோறு வைக்கும் தெருநாயின் பின்னங்காலை ஒருவர் வெட்டிவிட்டார். கையால் எழுதி வந்த புகாரில் 'நாயைத் துன்புறுத்தினார்' என்று மட்டும் இருந்தது. இப்படி எழுதினால் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் பழைய ஐம்பது ரூபாயில்தான் போய் நிற்கும். எதால் வெட்டினார், எந்தக் கால், யார் பார்த்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு அடித்தேன். காயம் எவ்வளவு ஆழம் என்றதற்குச் சுண்டுவிரலை நீட்டி, பாதியில் நகத்தால் கோடு போட்டுக் காட்டினார். "இதுவரைக்கும் போயிருக்கு தம்பி."

டாக்டர் சான்றிதழோடு கொடுத்தோம். 325-லேயே எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். ஜாமீனில் விடும் பிரிவு என்பதால் வெட்டியவர் சாயங்காலமே வீடு திரும்பிவிட்டார். அக்கா அன்று அழுதது இன்னும் காதில் இருக்கிறது. நாய் மூன்று காலில் நடக்கிறது. அடுத்த வாய்தாவில் டாக்டர் சாட்சி. அன்று கடைக்கு லீவு விட்டு அக்காவோடு நானும் போகிறேன்.