இவென்சுவலி படுத்தும் பாடு

வேலையிடத்தில நோர்வேக்காரர் ஒருத்தர் லண்டனுக்கு ஆங்கிலத்தில மெயில் போட்டார்: ‘வீ வில் இவென்சுவலி கம் ஆன் ஃப்ரைடே.’ முடிஞ்சால் வருவம் எண்டுதான் மனுசன் நினைச்சது. அங்க, ஒருமாதிரி வெள்ளிக்கிழமையாவது வருகினம் எண்டு வாசிச்சு அறையும் ஒதுக்கிப்போட்டினம்!

நோர்வேஜிய மொழியில ‘எவென்டுவெல்ட்’ எண்டால் ஒருவேளை, தேவைப்பட்டால். கூட்ட நிகழ்ச்சிநிரலின்ர கடைசி வரியிலயும் இதே சொல்தான் நிக்கும், ‘வேற ஏதும் இருந்தால்’ எண்ட கருத்தில. ஆங்கிலத்தில ‘இவென்சுவலி’ எண்டாலோ விசயம் கட்டாயம் நடக்கும், கொஞ்சம் சுணங்கும், அவ்வளவுதான். அதுக்கு நோர்வேக்காரரின்ர சொல் ‘தில் ஸ்லுட்’.

எனக்கு ஆங்கிலம் முதல் வந்தது. அதால நான் மறுவளமா விழுந்தனான். ‘எவென்டுவெல்ட் வாறன்’ எண்டு சொல்லிப்போட்டு விருந்துக்குப் போனால், எனக்குக் கதிரை இல்லை.